கண்ணாடியில் படித்த குறி

கடைக்குள் ஒரு சட்டை வந்தால் அவர் முதலில் பொத்தானை எண்ணுவார். வெளுத்து, தேய்த்து, மடித்து வெளியே போகும்போது மறுபடியும் எண்ணுவார். இடையில் யாராவது ஒன்றைத் தின்றிருப்பார்கள் என்பது அவர் எண்ணம். முப்பத்தெட்டு வருடத்தில் ஒருவரும் தின்றதில்லை. அப்படியானால் எதற்கு எண்ணுகிறீர்கள் என்று கேட்டால், எண்ணுவதால்தான் தின்னவில்லை என்பார். இதற்கு எந்தப் படித்தவனாலும் பதில் சொல்ல முடிந்ததில்லை.

சலவைக்கடைக்காரர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அவருக்கு எழுதத் தெரியாது என்று சொல்லக் கூடாது. எழுத அவசியப்படவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகத் துணி வாங்கிய நாளில், எந்தத் துணி எந்த வீடு என்று தெரிய அவரே குறிகளை உண்டாக்கினார். ஒரு மெல்லிய குச்சி, தண்ணீரில் அழியாத மை, துணியின் உள்பக்கத்தில் நகத்தளவு ஓர் அடையாளம். வட்டம், வட்டத்துக்குள் புள்ளி, ஏணி, கொக்கி, அரைநிலா. வீடுகள் பெருகிக் குறிகள் தீர்ந்துபோனபோது அவர் மலைத்து உட்காரவில்லை. இருந்த குறிகளையே இடவலம் மாற்றிப் போட்டார். கொக்கி வலப்பக்கம் வளைந்து, அந்தப் பக்கமே இரண்டு புள்ளி இருந்தால் பேங்க் அம்மா வீடு. அதே கொக்கியும் புள்ளியும் இடப்பக்கம் இருந்தால் கண்ட்ராக்டர் வீடு. இப்படி நானூறு வீடு. ஒரு நோட்டு கிடையாது, எல்லாம் மண்டைக்குள். கம்ப்யூட்டர் வைத்திருக்கிற பெரிய கடைக்காரர்கள் துணியை மாற்றிக் கொடுத்து அசடு வழிந்ததுண்டு. இவர் கடையில் ஒரு கைக்குட்டைகூட வீடு மாறியதில்லை. இதை அவர் தெருவில் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறார், கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்.

கீழே கடை, மேலே வீடு. இரண்டும் சொந்தக் கையால் வந்தவை. கடையில் அவரைத் தவிர இருந்தது தேய்ப்பு மாஸ்டர் ஒருவர்தான். பதினாறு வருடமாக அதே மேசை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, சூடான இஸ்திரிப் பெட்டியில் கை வைத்துவிட்ட முதலாளி மகளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடியவர் அவர். அவளுக்கு அப்போது ஏழு வயது. கட்டைவிரலில் படகு போல ஒரு தழும்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து அவள் அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டாள். சலவைக்கடைக்காரருக்கும் மாஸ்டர் மேல் நம்பிக்கை உண்டு. மாஸ்டர் சாப்பிடப் போகும்போது அவர் பையைத் திறந்து பார்ப்பது வேறு விஷயம். அது வழக்கம்.

அந்த மகளுக்கு இப்போது இருபத்து மூன்று. பட்டம் வாங்கிவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க வேண்டாம் என்று பேங்க் அம்மா வீட்டுத் துணிகளை அவளிடம் ஒப்படைத்திருந்தார். அவை மெல்லிய துணிகள். இயந்திரத்தில் போட முடியாது. மாடியில் கையால் அலசி, நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டில் தேய்க்க வேண்டும். அவள் நன்றாகத்தான் செய்தாள்.

ஆனால் பெண் நன்றாக இல்லை. காலையில் துள்ளிக்கொண்டு இறங்கி வருவாள். பத்து மணிக்கு முகம் தொங்கிப்போயிருக்கும். சாப்பாட்டில் பாதியில் எழுந்து மாடிக்கு ஓடுவாள். போனை எப்போதும் குப்புறப் போட்டு வைப்பாள். அது ஒரு தரம் அதிர்ந்தால் அவள் தோள் இரண்டு தரம் அதிரும். கூடப் படித்த தோழிகள் வருவது நின்றுபோனது. கேட்டால், "அவளுங்க எல்லாம் ஒரு மாதிரிப்பா" என்பாள்.

"யாரோ இருக்கான்," என்றார் அவர் மனைவியிடம்.

"இருந்தா நல்லாத்தானே இருப்பா. இவ நல்லாவே இல்லையே," என்றாள் மனைவி.

அவர் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார். பேச்சுக் குரலே வரவில்லை. அரை மணி நேரம் நின்றும் வரவில்லை. வாயே திறக்காத காதல் என்ன காதலோ என்று இறங்கி வந்துவிட்டார். சந்தேகம் மட்டும் படியிலேயே நின்றது.

பக்கத்துச் செல்போன் கடைக்காரி ஒரு நாள் மத்தியானம் சிரித்துக்கொண்டே வந்தாள். பழுது பார்ப்பதும் படம் அச்செடுப்பதும் அவள் தொழில்.

"அண்ணே, நீங்க குறி போடறவரா, குறி சொல்றவரா?"

"ரெண்டும்தான். உன் கடை ஷட்டர் இந்த மாசமும் பாதியிலதான் நிக்கும்."

"அத விடுங்க. இதப் பாருங்க. நெட்ல ஒரு பக்கம் வெச்சிருக்கா இந்தப் பொண்ணு, ஊரே பாக்குது. தினம் ஒரு டிரஸ். மூஞ்சி மட்டும் காட்ட மாட்டா. இந்தக் கோட்டுக்குள்ள என்னவோ மை இருக்கே, உங்க கைவேல மாதிரி இருக்கு."

அவள் நீட்டிய போனில், வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். கையிலிருந்த போன் முகத்தை மறைத்திருந்தது. சாம்பல் நிறக் கோட்டு. ஒரு பக்கத்தை மற்றொரு கையால் விரித்துப் பிடித்திருந்தாள். உள்துணியின் ஓரத்தில் நகத்தளவு ஒரு குறி. செல்போன் கடைக்காரி இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கினாள்.

சலவைக்கடைக்காரர் போனை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோனார். கொக்கி. இடப்பக்கம் இரண்டு புள்ளி.

அவர் மேலும் பார்த்தார். பொத்தான் எந்தப் பக்கம் என்று பார்த்தார். ஆணுடைய சட்டைக்கும் பெண்ணுடைய சட்டைக்கும் பொத்தான் எதிரெதிர்ப் பக்கத்தில் தைப்பார்கள் என்பது தையல்காரருக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று அவருக்கு ஒரு பெருமை உண்டு. ஆண்கள் பக்கம்தான் இருந்தது. கண்ட்ராக்டரின் சாம்பல் கோட்டு போன வாரம்தான் வந்து போயிருந்தது. குறியும் பொருந்தியது, பொத்தானும் பொருந்தியது. துணியை அவர் அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். ஆளைப் பார்க்கத் தோன்றவில்லை.

"இத அச்செடுத்துக் குடும்மா. யார்கிட்டயும் சொல்லாத."

வழவழப்பான தாளில் படம் வந்தது. அதை அவர் நேராகத் தேய்ப்பு மேசைக்குக் கொண்டுபோனார்.

மாஸ்டர் பெட்டியை நிமிர்த்தி வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, படத்தை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"இது கண்ட்ராக்டர் வீட்டுதாண்ணே?"

"குறி போட்டவன் நான். என்கிட்டயே கேக்கறியா?"

"இன்னொரு தடவ பாத்துச் சொல்லுங்க."

"பொத்தானப் பாரு. ஆம்பளக் கோட்டு. அந்த வீட்டுத் துணிய வாங்கறது நீ, தேய்க்கறது நீ, கொண்டு போய்க் குடுக்கறது நீ. நடுவுல உன் வீட்டுக்காரி போட்டுப் படம் எடுத்துக்கறாளா? இந்த விஷயம் வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் எனக்குத் துணி போடுவான்?"

மாஸ்டரின் பார்வை ஒரு தரம் மாடிப்படிப் பக்கம் போய்த் திரும்பியது. அதையும் சலவைக்கடைக்காரர் கவனித்தார். திருட்டு முழி என்று முடிவு கட்டினார்.

"சொல்லு. யாரு அது?"

"நீங்க சொன்னா சரிண்ணே," என்றார் மாஸ்டர். பிளக்கைப் பிடுங்கினார். ஒயரைச் சுற்றி வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பி, "பெட்டி இன்னும் சூடாத்தான் இருக்கு. கை வெச்சிடாதீங்க," என்றார். அவ்வளவுதான்.

சாப்பிடும்போது மகளிடமும் சொன்னார். "உன் சித்தப்பன நிறுத்திட்டேன். கடைத் துணிய எடுத்து ஊருக்குக் காட்டியிருக்கான், பொண்டாட்டிய வெச்சு."

அவள் கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்தது. எழுந்து போய்விட்டாள். பாசம் என்று அவர் நினைத்தார்.

மூன்று நாள் அவரே தேய்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு சட்டைகளைத் தீய்த்தார். சந்தேகம் தீர்ந்துவிட்டால் மனம் லேசாக வேண்டும் அல்லவா? லேசாகவில்லை. நடுவில் ஒரு பொத்தான் விட்டுப்போனது போலவே இருந்தது.

நான்காம் நாள் காலை முடிதிருத்தும் கடைக்குப் போனார். அந்தக் கடையின் போர்வைத் துணிகளும் அவரிடம்தான் வெளுக்க வரும். கடைக்காரர் அவரை உட்கார வைத்து, துணியைக் கழுத்தில் சுற்றி, ஒரு பக்கக் கன்னத்தை மழித்து முடித்தார். சலவைக்கடைக்காரர் எதிரே கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியிலேயே தன் நெஞ்சின் மேல் மடங்கிக் கிடந்த துணியின் ஓரத்தைப் பார்த்தார். முகம் மாறியது.

"ஏம்ப்பா, இது பேக்கரிக்காரர் வீட்டுத் துணி. உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"எது மாமா?"

"அரைநிலா அந்தப் பக்கம் பாத்தா பேக்கரி. இந்தப் பக்கம் பாத்தாத்தான் நீ. எவன் மாத்தினது? அந்த மாஸ்டர்தானே?"

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "மாமா, குனிஞ்சு துணியப் பாருங்க. கண்ணாடியப் பாக்காதீங்க."

அவர் குனிந்து பார்த்தார். அரைநிலா சரியான பக்கம்தான் பார்த்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார். மாறி இருந்தது. மறுபடி குனிந்தார்.

"கண்ணாடியில எல்லாம் பக்கம் மாறித்தானே தெரியும். இத்தன வருஷமா மீச வெச்சிருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்று கடைக்காரர் சிரித்தார்.

சலவைக்கடைக்காரர் சிரிக்கவில்லை. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்துச் சட்டைப்பையைத் துழாவினார். அந்த வழவழப்பான படத்தை எடுத்துக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தார். கொக்கி வலப்பக்கம் வளைந்தது. புள்ளிகள் வலப்பக்கம் போயின. பொத்தான்களும் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டன. அந்தப் பெண் போனில் படம் எடுத்தது நிலைக்கண்ணாடியைப் பார்த்து. கோட்டு பேங்க் அம்மாவுடையது.

பேங்க் அம்மா வீட்டுத் துணியைத் தொடுவது உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான்.

அவர் எழுந்தார்.

"மாமா, ஒரு பக்கம் மட்டும் போதுமா?" என்றார் கடைக்காரர்.

தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும். செருப்பைக் கழற்றி மாடி ஏறினார். கதவு ஒரு விரல் அகலம் திறந்திருந்தது.

உலர்த்துகிற வெள்ளைப் போர்வையைக் கொடியில் போட்டு, அதற்கு முன்னால் மகள் நின்றிருந்தாள். எதிரே பீரோக் கண்ணாடி. உடம்பில் பேங்க் அம்மாவின் கருநீல உடை. போனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். சிரித்தாள். க்ளிக் என்று சத்தம் வந்தது. போனைத் தாழ்த்தினாள், சிரிப்பும் விழுந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி சிரித்தாள். முகமே தெரியாத படத்துக்கு எதற்குச் சிரிக்கிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை. இருபது, முப்பது தரம் இருக்கும். பிறகு தரையில் உட்கார்ந்து கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்தாள். காத்திருந்தாள். மறுபடி இழுத்தாள். தண்ணீர் வராத குழாயைத் திருகிப் பார்ப்பது போல் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

கையும் களவுமாகப் பிடித்து என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தார். கதவு தானாகக் கிரீச்சிட்டது.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அப்பா... உங்க மூஞ்சி ஏன் பாதி..."

"என் மூஞ்சி இருக்கட்டும். எத்தன நாளா?"

அவள் போனைக் குப்புற வைத்தாள். "எட்டு மாசம்."

"எதுக்கு?"

"முதல்ல என் துணியப் போட்டுத்தான்ப்பா எடுத்தேன். நாப்பது பேர் பாத்தாங்க. கூடப் படிச்சவங்கதான். ஒருத்திகூட நல்லாருக்குன்னு சொல்லல. அப்புறம் பேங்க் அம்மா கோட்டப் போட்டு, மூஞ்சிய மறைச்சு எடுத்தேன். ஒரே நாள்ல ஆறாயிரம் பேர்."

"அப்புறம் என்ன, சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே?"

"மறுநாள் அஞ்சாயிரம் பேர்தான் வந்தாங்க. அந்த ஆயிரம் பேர் எங்க போனாங்கன்னு தேடிட்டிருக்கேன்ப்பா. எட்டு மாசமா."

அவருக்குப் பொத்தான்கள் நினைவுக்கு வந்தன. விருப்பமில்லாமல்தான் வந்தன.

அவள் பேசிக்கொண்டே போனாள். யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று தோன்றுகிறதாம். பழைய தோழி ஒருத்தி படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் போடாமல் போனால், ஏன் போடவில்லை என்று மூன்று நாள் யோசிக்கிறாளாம். தெருவில் இரண்டு பேர் ஒரே போனைக் குனிந்து பார்த்துச் சிரித்தால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறாளாம். வேலைக்குக் கூப்பிட்ட இரண்டு இடத்துக்கும் போகவில்லையாம். அங்கே முகம் தெரியுமே என்றாள்.

"சித்தப்பா போனப்ப வாயத் திறக்கலியே நீ."

"சொன்னா பக்கத்த மூடணும். மூடிட்டா நான் யாருமே இல்லப்பா." இதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதாள். "அழுதப்பக்கூட போனப் பாத்தேன். அன்னிக்கு."

"நான் உன் வயசுல..." என்று அவர் ஆரம்பித்தார். அந்த வயதில் அவரை ஒருவரும் பார்த்ததில்லை. மூட்டையைத்தான் பார்த்தார்கள். இதைப் பெருமையாகச் சொல்வதா வேறு மாதிரிச் சொல்வதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார்.

"துணிய மாத்திட்டு வா. மாஸ்டர் வீட்டுக்குப் போகணும்."

பாதி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அவரும், வெளுத்துப்போன சொந்தச் சட்டையில் அவளும் நடந்தார்கள். மாஸ்டரின் மனைவிதான் கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை.

"என்னண்ணே, என் படம் ஏதாவது புதுசா வந்திருக்கா? குடுங்க, சட்டம் போட்டு மாட்டிக்கறேன்."

அவர் துண்டை வாய் வரை இழுத்து மூடிக்கொண்டார். முப்பத்தெட்டு வருடமாகப் பேசிக்கொண்டே இருந்த வாய்.

மாஸ்டர் பின்னாலிருந்து வந்தார். மகள் அவரிடம் போய் நின்றாள். "நான்தான் சித்தப்பா."

"தெரியும்மா."

"தெரிஞ்சா அப்பாகிட்ட ஏன் சொல்லல?"

"நீயா சொல்லுவேன்னு நெனச்சேன். உங்கப்பாவும் கோட்டப் பத்தித்தான் கேட்டாரு." சலவைக்கடைக்காரரின் பையிலிருந்து எட்டிப் பார்த்த படத்தை மாஸ்டர் உருவி எடுத்தார். "குறியப் பாத்தீங்க, பொத்தானப் பாத்தீங்க. இதப் பாக்கலியேண்ணே."

அவர் விரல் வைத்த இடத்தில், போனைப் பிடித்திருந்த கையின் கட்டைவிரல் இருந்தது. அதில் படகு போல ஒரு தழும்பு.

"இது கண்ணாடியில பாத்தாலும் படகுதான். பக்கம் மாறல," என்றார் மாஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம்.

நானூறு குறி மண்டைக்குள் வைத்திருந்தவர் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவர், "கண்ட்ராக்டர் வீட்டுத் துணி அப்படியே கெடக்கு," என்றார்.

"மன்னிச்சிடுங்கறத உங்க கடையில இப்படித்தான் சொல்லுவீங்களா?" என்றாள் மாஸ்டரின் மனைவி.

"ரெண்டு சட்டையத் தீச்சிட்டேன்." தன் கையால் ஒரு தவறு நடந்ததாக அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "தப்பு பண்ணிட்டேம்மா. ரெண்டு இல்ல. மூணு."

மாஸ்டர் சட்டையை மாற்றிக்கொள்ள உள்ளே போனார்.

பேங்க் அம்மாவிடம் மகளே போய்ச் சொன்னாள். கூட வருகிறேன் என்ற அப்பாவைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுப் போனாள். பேங்க் அம்மா சத்தம் போடவில்லை. மறுநாள் ஆளை அனுப்பி எல்லாத் துணிகளையும் வாங்கிக்கொண்டார், பிறகு அனுப்பவில்லை. கடையை விட்டுப்போன முதல் வீடு அது. இன்றும் எத்தனை வீடு என்று கேட்டால் அவர் நானூறு என்றுதான் சொல்கிறார். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது என்பது வாயில் வரமாட்டேன் என்கிறது.

பக்கத்தை மூடிவிட்டதாக மகள் சொன்னாள். போனைச் செல்போன் கடைக்காரியின் மேசைக்குள் வைத்துப் பூட்டச் சொல்லி அவளே கொடுத்தாள். சாயங்காலம் ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்வாள். இன்னொரு போன் ஒளித்து வைத்திருக்கிறாளா என்று அவர் தலையணைக்கு அடியில் ஒருநாள் பார்த்தார். இல்லை. பார்த்தது மகளுக்குத் தெரிந்துவிட்டது. "பீரோ மேலயும் பாத்துடுங்கப்பா," என்றாள். பார்க்கவில்லை என்று அவர் சொல்கிறார்.

போனைப் பூட்டக் கொடுத்த ஐந்தாம் நாள் அவள் கீழே இறங்கி வந்து கடை மேசையில் உட்கார்ந்தாள். துணி கொடுக்க வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாலும் எழுந்து போகவில்லை. கூட்டம் குறைந்ததும் அவள் வலது கை மேசைப் பலகை மேல் கிடந்தது. சலவைக்கடைக்காரர் ஒரு சட்டையின் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று, நான்கு.

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாமலே தழும்பு விழுந்த கட்டைவிரல் மரப்பலகையை மேலிருந்து கீழே இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது. பலகையில் ஒன்றும் வரவில்லை.

எண்ணிக்கை விட்டுப்போனது. அவர் சட்டையை அப்படியே தேய்ப்பு மேசைப் பக்கம் தள்ளினார்.

"எண்ணிட்டீங்களாண்ணே?" என்றார் மாஸ்டர்.

"நீ எண்ணிக்கோ," என்றார். கண் அந்த விரலிலேயே இருந்தது.